ஃபெடரல் ஆணையம் கைவிட்ட விதியை மாநிலம் இயற்றலாமா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இணையச் சமநிலை விதிகளை நீக்கிய 2017-ஆம் ஆண்டு உத்தரவில், மாநிலங்களும் அத்தகைய விதிகளை இயற்றக் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்.சி.சி. சேர்த்தே சொன்னது. அப்படியிருக்க, கலிஃபோர்னியாவின் சட்டம் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது?"

இணையச் சமநிலை என்பது, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரேபோல நடத்த வேண்டும் என்ற கொள்கை; கலிஃபோர்னியாவின் சட்டமும் அதைத்தான் வலியுறுத்துகிறது. எஃப்.சி.சி. என்பது தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஃபெடரல், அதாவது மத்திய அரசின் ஆணையம். அமெரிக்க அரசமைப்பின் 6-ஆவது பிரிவுப்படி, ஃபெடரல் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது. இதையே பிரீஎம்ப்ஷன் என்கிறார்கள். ஆனால் எஃப்.சி.சி. சட்டமன்றம் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்துக்குள் மட்டுமே இயங்கக்கூடிய ஓர் ஆணையம். காங்கிரஸ் அதிகாரம் தராத இடத்தில் அது மாநிலங்களைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இலேயே, லூசியானா பொதுச்சேவை ஆணையம் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2017 உத்தரவைப் படியுங்கள். 2015-இல் பிராட்பேண்டைத் தொலைபேசிச் சேவையைப் போன்ற பொதுச் சேவையாக வகைப்படுத்தியதால்தான் அதன்மீது முழுக் கட்டுப்பாட்டு அதிகாரம் ஆணையத்துக்குக் கிடைத்தது. 2017-இல் அதை வெறும் தகவல் சேவை என்று மாற்றியபோது, அந்த அதிகாரத்தை ஆணையம் தானாகவே துறந்தது. துறந்த அதிகாரத்தைக் கொண்டே மாநிலங்களின் கையையும் கட்ட முயன்றது என்பதுதான் அதன் அடிப்படைக் கோளாறு. 2019 அக்டோபரில், இந்த உத்தரவை எதிர்த்து மொஸில்லா நிறுவனம் தொடுத்த வழக்கில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிநீக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் மாநிலங்களுக்கான ஒட்டுமொத்தத் தடையை ரத்து செய்தது. நீதிபதி ஸ்டீஃபன் வில்லியம்ஸ் மட்டும் இந்தப் பகுதியில் மாறுபட்டு, கட்டுப்பாடு வேண்டாம் என்ற ஃபெடரல் முடிவை மாநிலங்கள் இப்படிப் பயனற்றதாக்கிவிடலாமே என்று வாதிட்டார். அவருடைய கவலை நியாயமானது; ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது காங்கிரஸ் என்பதே என் உறுதியான கருத்து.

கலிஃபோர்னியா தன் சட்டத்தை 2018 செப்டம்பர் 30 அன்று நிறைவேற்றியது. அன்றே ஃபெடரல் நீதித்துறை வழக்குத் தொடுத்து, 2021-இல் அதைத் திரும்பப் பெற்றது. இணைய இணைப்பு நிறுவனங்களின் சங்கங்கள் தொடுத்த தனி வழக்கில் 2022 ஜனவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தது.

சட்ட அறிஞர்களிடையே உண்மையான விவாதம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மாநில எல்லை தெரியாத இணையத்துக்கு ஒரு மாநிலம் விதி வகுத்தால் நாடு முழுவதும் அதன் சுமை விழாதா என்பதே அது. 2021-இல் கலிஃபோர்னியாவின் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், குறிப்பிட்ட தளங்களின் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காத தன் திட்டத்தை ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் நாடு முழுவதுமே நிறுத்தியது. ஆயினும், ஜாக் கோல்ட்ஸ்மித், ஆலன் சைக்ஸ் ஆகிய பேராசிரியர்கள் 2001-இலேயே எழுதியதுபோல், வெளிமாநிலத்தில் விளைவு உண்டு என்பதாலேயே ஒரு மாநிலச் சட்டம் அரசமைப்புக்கு முரணாகிவிடாது.

இன்றைய நிலை மாநிலங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2024-இல் எஃப்.சி.சி. மீண்டும் கொண்டுவந்த விதிகளை ஆறாவது வட்டார நீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று ரத்து செய்தது. ஆணையத்துக்கே அந்த அதிகாரம் இல்லை என்றால், மாநிலங்களைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 15 டாலரில் இணைய இணைப்பு தர வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை எதிர்த்த மனுவை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்திருந்தது.