ஒரு பாட்டில் மழை

நேயர்களுக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். சுற்றுச்சூழல் பாடத்தை வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பேசக் கூப்பிட்டார்கள். நான் மழையை வைத்தே பேசிவிடுகிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றுச்சூழலைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் சொல்லிவிட்டது. பாடமும் வந்தது. ஆனால் பல வருடம் நான் அதை நடத்திய விதம் சரியில்லை. நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்பேன், மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள், மதிப்பெண் போடுவேன். பனி உருகுகிற படத்தைக் காட்டுவேன். பிள்ளைகள் முகம் வாடிவிடும், அதற்குள் மணி அடித்துவிடும். பயத்தைக் கொடுத்துவிட்டு, கைக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அது தப்பு.

அப்புறம் ஓர் ஐப்பசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு மழைமானி செய்தோம். ஒரு தண்ணீர் பாட்டில் போதும். மேல்பக்கத்தை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டால் அதுதான் பூஜ்ஜியம். அதிலிருந்து ஸ்கேல் ஒட்ட வேண்டும். மறுநாள் காலை 10 மில்லிமீட்டர் காட்டியது. இவ்வளவுதானா சார் என்றார்கள்.

சரி, கணக்குப் போடுவோம் என்றேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடியை அவர்களே டேப் வைத்து அளந்தார்கள், 30 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அப்படியென்றால் ஒரே ராத்திரியில் 2,400 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 160 குடம். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று அந்த வாரம் முழுக்கத் தவித்த பிள்ளைகள் அவர்கள். 160 குடமும் எங்கே போச்சு என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பாதி வகுப்பு வெளியே ஓடிவிட்டது. மாடிக் குழாய் முழங்கால் உயரத்தில் உடைந்திருந்தது, தண்ணீர் ரோட்டுக்குப் போயிருந்தது, மழைநீர்த் தொட்டி மண் மூடிக் கிடந்தது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. பராமரிக்கத்தான் ஆள் இல்லை.

பெற்றோர் இருவர் வந்து குழாயை மாற்றித் தொட்டியைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளம், வறட்சி பற்றிய பாடம் தானாக நடந்தது. 2015 டிசம்பரில் மூழ்கிய சென்னை 2019 கோடையில் எப்படி ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலைக்குப் போனது என்று நான் கேட்டால், ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் எது, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் எது, கால்வாய்மேல் யார் வீடு கட்டினார்கள் என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். மாடிக்கு வந்த அதே கேள்விதானே ஊருக்கும்.

சிலபஸை முடிக்க வேண்டாமா என்று கேட்கிற ஆசிரியர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். பரப்பளவு, கனஅளவு, வரைபடம் எல்லாம் இதிலேயே இருக்கிறது, கணக்கு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர்களே, வகுப்பு வாசலைத் தாண்டினால் பாடம் கெட்டுவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பாட்டிலை இப்போதே வெட்டி வைத்துவிடுங்கள், முதல் மழையை விட்டுவிடக் கூடாது. நன்றி, வணக்கம்.