ஆல்ட் + டேப்: அடுத்து எந்த விண்டோ வரும்?

[திரை: விண்டோஸ் 11. எக்செல், ஒரு பிடிஎஃப் பில், குரோம் மூன்றும் திறந்திருக்கின்றன.]

வணக்கம். பிடிஎஃப்பில் இருக்கிற பில்லைப் பார்த்து எக்செல்லில் தொகையை ஏற்ற வேண்டும். நடுவில் ஜிஎஸ்டி எண் சரிதானா என்று குரோமில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மவுஸைக் கீழே கொண்டுபோய் டாஸ்க்பாரில் ஐகான் தேடினால், பத்து பில் ஏற்றுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

"ஆல்ட் டேப் எனக்குத் தெரியுமே" என்பீர்கள். தெரியும்தான். ஆனால் பலர் அதைக் குலுக்கல் சீட்டு எடுப்பதுபோலத்தான் பயன்படுத்துகிறார்கள். வேண்டியது வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதில் குலுக்கலே கிடையாது. எந்த விண்டோவைக் கடைசியாகப் பயன்படுத்தினீர்களோ, அது வரிசையில் முன்னால் நிற்கும். விஷயம் அவ்வளவுதான்.

[திரை: ஆல்ட் கீயை அழுத்தியபடி டேப்பை ஒருமுறை தட்டுதல். பட்டியல் பெரிதாகத் தெரிகிறது.]

இப்போது எக்செல்லில் இருக்கிறேன். இதற்கு முன்னால் பிடிஎஃப், அதற்கும் முன்னால் குரோம். பட்டியலும் அதே வரிசையில் வருகிறது, பாருங்கள். ஒரு தட்டு தட்டிக் கையை எடுத்தால் பிடிஎஃப். இப்போது பிடிஎஃப் முதலிடத்துக்கு வந்துவிட்டது, எக்செல் இரண்டாமிடம். அதனால் மறுபடி ஒரு தட்டு தட்டினால் எக்செல்தான் வரும். எத்தனை தடவை தனித்தனியாகத் தட்டினாலும் இந்த இரண்டுக்குள்ளேயே போய்வருவீர்கள். குரோம் வரவே வராது.

சரி, குரோம் வேண்டுமென்றால்? ஆல்ட்டை விடாமல் டேப்பை இரண்டு முறை தட்டுங்கள். மூன்றாவதாக நிற்பது வரும். இங்கே ஒரு ரசமான கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இப்படி இரண்டிரண்டு தட்டாகவே போனால் எக்செல், குரோம், பிடிஎஃப், மறுபடி எக்செல் என்று மூன்றும் சுற்றி வரும். காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பிடிபடும்.

[திரை: மூன்று பெயர்களும் இடம் மாறுவதைக் காட்டும் சிறு அனிமேஷன்.]

வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டால் முழுச் சுற்று வர வேண்டாம். ஷிஃப்ட்டையும் சேர்த்து டேப்பைத் தட்டினால் பின்னால் வரும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பது சிரமம் என்றால் கண்ட்ரோல் + ஆல்ட் + டேப். பட்டியல் அப்படியே நிற்கும். அம்பு கீயால் நகர்ந்து என்டர் தட்டலாம்.

பட்டியலில் எட்ஜ் பிரவுசரின் டேப்கள் எல்லாம் தனித்தனியாக வந்து நின்றால் இந்தக் கணக்கு குழம்பும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் மல்டிடாஸ்கிங். அங்கே டேப்களைக் காட்ட வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், முதல் வேலையாக அதைச் செய்துவிடுவேன்.

[திரை: டாஸ்க்பார் மட்டும் பெரிதாக.]

ஆறேழு விண்டோவுக்கு மேல் போனால் எது எப்போது பயன்படுத்தியது என்று மனதில் நிற்காது. அப்போது நேரத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் டாஸ்க்பாரின் முதல் அப்ளிகேஷன், 2 என்றால் இரண்டாவது. ஸ்டார்ட், சர்ச் பட்டன்கள் இந்தக் கணக்கில் சேராது. அப்ளிகேஷன் திறக்காமல் இருந்தால் அதுவே திறந்துகொள்ளும். எக்செல்லில் நாலு ஃபைல் திறந்திருக்கிறதா? விண்டோஸ் கீயை விடாமல் அதே எண்ணை மீண்டும் தட்டுங்கள், ஒவ்வொன்றாக வரும். தினமும் தேவைப்படுகிற மூன்று நான்கை டாஸ்க்பாரில் நிலையாக ஒட்டிவைத்து (pin செய்து) வரிசையை மாற்றாமல் வைத்திருந்தால், சில நாளில் கை தானாகப் போகும்.

மாறிக்கொண்டே இருப்பதைவிட, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்கிற சந்தர்ப்பமும் உண்டு. பில் பார்த்து ஏற்றுவதே அப்படிப்பட்ட வேலைதான். விண்டோஸ் கீ + இடது அம்பு, இன்னொன்றுக்கு வலது அம்பு. வேடிக்கை என்னவென்றால், 1985இல் வந்த விண்டோஸ் 1.0இல் இப்படித்தான் இருந்தது. விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கவே முடியாது. 1987இல் 2.0 வந்த பிறகுதான் அடுக்க முடிந்தது. 2009இல் விண்டோஸ் 7 மறுபடி பக்கம்பக்கமாக ஒட்டும் வசதியைத் தந்தது. விண்டோஸ் 11இல் விண்டோஸ் கீ + இசட் அழுத்தினால் எப்படிப் பிரிப்பது என்று படமாகவே காட்டும்.

[திரை: ஆல்ட் + டேப் பட்டியலில் ஒரு விண்டோ தெரிகிறது. தேர்ந்தெடுத்தும் திரையில் காணவில்லை.]

அப்புறம், அடிக்கடி கேட்கிற தொல்லை ஒன்று. பட்டியலில் இருக்கிறது, திரையில் இல்லை. இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு இப்படி ஆகலாம். ஆல்ட் + டேப்பால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம். அம்பு கீ ஒன்றை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் கிளிக் செய்து விட்டுவிடுங்கள். எம் அழுத்தியும் அசையவில்லையா? விண்டோ திரை முழுக்க விரிந்து (மேக்சிமைஸ்) இருக்கும். ஆல்ட் + ஸ்பேஸ், ஆர் அழுத்திவிட்டு, மறுபடி ஆல்ட் + ஸ்பேஸ், எம் என்று தொடங்குங்கள்.