நடுங்காத கை

நண்பர்களே, வணக்கம். ஒரு மாஃபியா தலைவனின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கற்பனைத் தலைவன்தான்: மைக்கேல் கார்லியோன். 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தில் 'மாஃபியா' என்ற சொல்லே வராது, தெரியுமா? இத்தாலிய அமெரிக்கர்களின் மானம் போகிறது என்று நியூயார்க்கில் ஓர் அமைப்பு போராடி, அந்தச் சொல்லை எடுக்கவைத்தது. அந்த அமைப்பைத் தொடங்கியவர் ஜோ கொலம்போ. நிஜ மாஃபியாக் குடும்பம் ஒன்றின் தலைவர்! சரி, கதைக்கு வருகிறேன்.

1945. தங்கை கல்யாணத்துக்கு மைக்கேல் ராணுவச் சீருடையில் வருகிறான். மாஃபியாத் தலைவரான அப்பாவின் தொழிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று காதலியிடம் சொல்கிறான். சொல்லும்போது அது உண்மையும்கூட.

அவன் எழுச்சி உணவகத்தில் தொடங்குகிறது என்பார்கள். கழிப்பறையில் ஒளித்து வைத்த துப்பாக்கியை எடுத்து வந்து, அப்பாவைச் சுடவைத்த எதிரி சொலோஸோவையும் போலீஸ் கேப்டனையும் சுடுகிறானே, அங்கே. என் கணக்கில் அதற்குச் சற்று முன்பே, ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கிவிடுகிறது. குண்டடிபட்ட அப்பா உள்ளே கிடக்கிறார். காவலுக்கு ஆள் இல்லை. மைக்கேலும், அப்பாவைப் பார்க்கப் பூவோடு வந்த பேக்கரிக்காரர் என்ஸோவும் கோட்டுக்குள் துப்பாக்கி இருப்பதுபோலக் கைவைத்து வாசலில் நிற்கிறார்கள். ஒரு கார் வருகிறது, நிதானிக்கிறது, போய்விடுகிறது. அப்புறம் என்ஸோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறார்; கை நடுக்கத்தில் முடியவில்லை. மைக்கேல் லைட்டரை வாங்கிப் பற்றவைக்கிறான். பிறகு தன் கையைப் பார்க்கிறான். அது நடுங்கவில்லை. அந்த ஒரு கணம், தான் யார் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகு எல்லாம் வேகம்தான். தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தில், சாத்தானைக் கைவிடுகிறாயா என்று பாதிரியார் கேட்க, ஆமாம் என்கிறான். அதே நேரத்தில் எதிரிக் குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அன்றே அந்தக் குழந்தையின் அப்பனும் சாகிறான். குழந்தைக்கு ஞானத்தந்தை யார் என்று உங்களுக்குத் தெரியும்.

வீழ்ச்சி என்றால் போலீஸ் வரும் என்று எதிர்பார்ப்போம். நிஜத்தில் வந்தது. சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனுக்கு 1931இல் வருமான வரி வழக்கில் 11 ஆண்டு சிறை. 1951இல் செனட் விசாரணைக்கு வந்த நியூயார்க் மாஃபியாத் தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோ முகத்தைக் காட்டக் கூடாது என்றதால், டெலிவிஷனில் கைகளை மட்டும் காட்டினார்கள். நிலைகொள்ளாமல் தவித்த அந்தக் கைகளை அமெரிக்காவே பார்த்தது. 1974இல் வந்த இரண்டாம் படத்தில் மைக்கேலும் செனட் முன்னால் உட்காருகிறான். முகத்தைக் காட்டிக்கொண்டு, பதறாமல். சாட்சி சொல்ல வேண்டியவர் தன் அண்ணன் சிசிலியிலிருந்து வந்து அவையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறார், பல்டி அடிக்கிறார். மைக்கேல் ஜெயித்துவிடுகிறான்.

ஜெயித்துக்கொண்டே போகிறவனுக்கு என்ன வீழ்ச்சி? ஃபிரெடோ. மைக்கேலுக்கு மூத்தவன், சூது தெரியாதவன். தம்பி தன்னை மதிக்கவில்லை என்ற பொருமலில் எதிரிக்குத் துணைபோனவன். அம்மா உயிரோடு இருக்கும்வரை மைக்கேல் அவனைத் தொடவில்லை. அம்மாவின் உடல் இருக்கும் வீட்டிலேயே அண்ணனைக் கட்டிப்பிடிக்கிறான். பிடித்தபடியே தன் ஆளைப் பார்க்கிறான். பிறகு டாஹோ ஏரியில் ஒரு படகு. மீன் சிக்க வேண்டுமென்று மாதாவிடம் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறான் ஃபிரெடோ. ஒரே ஒரு வெடிச் சத்தம்.

1990இல் மூன்றாம் படமும் வந்தது. எனக்கென்னவோ கதை இங்கேயே முடிந்துவிட்டது.

ஏரிக்குப் பிறகு படம் சட்டென்று 1941 டிசம்பருக்குப் போகிறது. அப்பாவின் பிறந்தநாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி அண்ணன் தம்பிகள். ராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்கிறான் மைக்கேல். மூத்தவன் சானி கொதிக்கிறான். அப்பா உனக்கு வேறு திட்டம் வைத்திருந்தாரே என்கிறான் வளர்ப்பு அண்ணன் டாம். அந்த மேசையில் ஒரே ஒருவன்தான் வாழ்த்துச் சொல்லிக் கையை நீட்டுகிறான். ஃபிரெடோ.