ஒரே நாளுக்கு மூணு தேதி! ஆனந்தரங்கப் பிள்ளை டைரியைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: ஜார்ஜ் கோட்டையின் பழைய வரைபடம்]

சென்னப்பட்டணத்துக் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போனது எந்தத் தேதி? இங்கிலீஷ்காரன் எழுதி வச்சது, 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரன் எழுதி வச்சது, செப்டம்பர் 21. யார் பொய் சொல்றா? ரெண்டு பேருமே இல்லை! ரெண்டும் ஒரே நாள். அதே நாளுக்கு மூணாவதா ஒரு தேதியும் உண்டு: அட்சய வருஷம், புரட்டாசி மாசம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவுல உட்கார்ந்து தினமும் எழுதின ஒரு மனுஷன் நம்ம ஊர்ல இருந்தார். அவர் டைரியை வாங்கி, முதல் 50 பக்கத்தோட மூடி வச்சவங்க நிறைய பேர். தப்பு அவங்க மேல இல்லை. நாட்குறிப்பை நாவல் மாதிரி முதல் பக்கத்துல இருந்து படிக்கவே கூடாது.

அறிமுகத்தைச் சட்டுனு முடிச்சிடலாம். ஆனந்தரங்கப் பிள்ளை, 1709ல பெரம்பூர்ல பிறந்தவர். புதுச்சேரியில பெரிய வியாபாரி, பிறகு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்ற இடையாள். 1736 செப்டம்பர் 6ல ஆரம்பிச்சு 1761 ஜனவரியில சாகுற வரைக்கும் எழுதினார். 1846ல கலுவா மொம்பிரேன்ங்கிற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்துப் படி எடுத்தார். சென்னை அரசாங்கம் 1904ல இருந்து 1928க்குள்ள ஆங்கிலத்துல 12 தொகுதி போட்டுச்சு. எழுதினது தமிழ்ல, முழுசா முதல்ல வந்தது இங்கிலீஷ்ல! இதுக்கு யாரைத் திட்டுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. தமிழ்ல புதுச்சேரி அரசு சில தொகுதிகள் போட்டுச்சு. 12 தொகுதியும் முழுசா வந்தது 2019ல, அகநி வெளியீடா.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது? ஆங்கிலப் பதிப்போட முதல் தொகுதியில 1736ல இருந்து 1746 வரைக்கும், கிட்டத்தட்ட பத்து வருஷம் அடங்கிடுது. ரெண்டாவது தொகுதி முழுக்கச் சுமார் ஆறே மாசம். இதுல இருந்தே தெரியுது, ஆரம்ப வருஷங்கள்ல எழுத்து அங்கங்கே சொட்டுச்சொட்டா விழுது, 1746ல குழாய் உடைஞ்ச மாதிரி கொட்டுது. அதனால 1746 ஜூலையில திறங்க. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே கப்பல் படையோட புதுச்சேரி வந்து சேர்ற மாசம். அங்கிருந்து நவம்பர் வரைக்கும் படிங்க. கோட்டையைப் பிடிக்கிறது, 11 லட்சம் வராகன் வாங்கிக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு லபூர்தொனேவும் துய்ப்ளெக்ஸும் முட்டிக்கிறது, அக்டோபர் புயல்ல கப்பல்கள் நாசமாகுறது, ஆற்காட்டு நவாப் படையோட நடந்த அடையாறு சண்டை, எல்லாம் இந்த அஞ்சு மாசத்துக்குள்ள. இது பிடிச்சிருந்தா 1736க்குத் திரும்பிப் போகலாம். பிடிக்கலேன்னா மிச்சத் தொகுதிக்கான காசாவது மிஞ்சும்.

[திரையில்: ௳ ௴ ௵]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்த மூணு குறியையும் பார்த்துக்கோங்க. முதல் குறி நாள், ரெண்டாவது மாசம், மூணாவது வருஷம். பழைய தமிழ்க் கணக்கு, கடிதம் எல்லாத்துலயும் இதைப் பார்க்கலாம். பிள்ளை தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமையோட ஐரோப்பியத் தேதியும் போடுறார். கிழமைப் பேர் சம்ஸ்கிருத வழியில வரும். ஆதிவாரம் ஞாயிறு, சோமவாரம் திங்கள், மங்களவாரம் செவ்வாய், புதவாரம் புதன், குருவாரம் வியாழன், சுக்கிரவாரம் வெள்ளி. சனிவாரம் சொல்லவே வேண்டாம்.

இதுல சறுக்குற இடம் நாலு.

முதல் சறுக்கல், பதினொரு நாள். பிரெஞ்சுக்காரங்க அப்பவே, இன்னிக்கு நாம பயன்படுத்துற கிரெகோரியன் காலண்டர்ல இருந்தாங்க. இங்கிலீஷ்காரங்க பழைய ஜூலியன் காலண்டரை 1752 வரைக்கும் விடலை. 1752 செப்டம்பர் 2ஆம் தேதி ராத்திரி தூங்கப் போனவங்க மறுநாள் எழுந்திருச்சது செப்டம்பர் 14ல! பிள்ளை பிரெஞ்சுக் கணக்குல எழுதுறார். அதனால அதுக்கு முன்னாடி உள்ள சென்னைக் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) பதிவை அவரோட ஒப்பிடணும்னா, இங்கிலீஷ் தேதியோட 11 கூட்டுங்க. 10 கூட்டல் 11, 21. கோட்டை விழுந்த தேதி சரியா உட்காருதா?

ரெண்டாவது, வருஷமே மாறுறது. பழைய இங்கிலீஷ் கணக்குல புது வருஷம் மார்ச் 25ல பிறக்கும். அதனால அவங்க ஏட்டுல 1746 பிப்ரவரின்னு இருந்தா, அது நமக்கு 1747 பிப்ரவரி. 1746-7ன்னு ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் போட்டிருந்தா புண்ணியவான்னு கும்பிட்டுக்கோங்க. நம்ம தமிழ் வருஷத்துலயும் இதே கதைதான். ஜனவரியில பிரெஞ்சுக்காரங்க வருஷம் மாறிடும், நம்ம அட்சய வருஷம் சித்திரை வரைக்கும் அப்படியே ஓடும்.

மூணாவது, இப்போ உள்ள தினசரிக் காலண்டரை வச்சுக் கணக்குப் போடுறது. இன்னிக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14ல வருது. அந்தக் காலத்துல ஏப்ரல் 9, 10 வாக்கிலேயே வந்துடும். நம்ம வருஷம் நட்சத்திரத்தை வச்சு ஓடுது, கிரெகோரியன் வருஷம் அதைவிடக் கொஞ்சூண்டு குட்டை. சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் நகரும். ஆக, ஆவணி, புரட்டாசி எல்லாத்துலயும் நாலஞ்சு நாளைக் கழிச்சுக்கோங்க.

இந்த மூணையும் சரிபார்க்க ஒரே சாவி இருக்கு, கிழமை! எந்தக் காலண்டர் மாறினாலும் கிழமை மாறாது. கோட்டை விழுந்த நாளையே பாருங்க, ஜூலியன் 10ம் புதன்தான், கிரெகோரியன் 21ம் புதன்தான். கணக்குப் போட்டுக் கிழமை இடிச்சா நீங்க தப்பு, இல்லேன்னா படி எடுத்தவர் தப்பு. இந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, இதுக்கே ஒரு லைக் போடலாம்.

நாலாவதுதான் விவரம் தெரிஞ்சவங்களையே கவுத்துடும். அந்தப் பக்கத்துல இருக்குற தேதி, சம்பவம் நடந்த தேதியா இருக்கணும்னு இல்லை. சேதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த தேதி. சென்னையில இருந்து ஆள் ஓடி வரணும், நடுவுல மழை, ஆறு, சண்டை. அதனால நோட்டுல நெடுக்குவாட்டுல ரெண்டு பத்தி போடுங்க: நடந்த நாள், அவர் கேள்விப்பட்ட நாள். பக்கத்துலயே மூணாவதா, யார் சொல்லிக் கேட்டார்னு. ஹர்க்காரா (தூது கொண்டு ஓடுற ஆள்) கொண்டு வந்ததா, கடிதமா, சும்மா ஊர்ப் பேச்சா? இந்த மூணாவது பத்தி நிறைய நிறைய, டைரி வேற புத்தகமாத் தெரியும்.

நேரத்துக்கு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம், சூரியன் உதிச்சதுல இருந்து எண்ணணும். பகல் பத்து நாழிகைன்னா உதயத்துக்கு அப்புறம் நாலு மணி நேரம், சுமார் காலை பத்து மணி. ராத்திரின்னு சொல்லி நாழிகை சொன்னா அஸ்தமனத்துல இருந்து எண்ணுங்க.

பேர்கள்? அந்தக் காலக் கையெழுத்துல புள்ளி கிடையாது, குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்பு. இந்த எழுத்துல பிரெஞ்சுப் பேரை எழுதினா எப்படி இருக்கும்! ஒரே துரைக்குப் பதிப்புக்குப் பதிப்பு வேற உச்சரிப்பு. கடைசிப் பக்கத்துல ஒரு பேர்ப் பட்டியல் போட்டுக்கிட்டே போங்க. ஊர்ப் பேர்ல தேவனாம்பட்டணத்தை மட்டும் மறக்காதீங்க. கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டை அதுதான். சென்னையில சிக்கின ராபர்ட் கிளைவ் வேஷம் மாத்திக்கிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

அடுத்தது, அவர் சொல்றதை எவ்வளவு நம்பலாம்? விலை, கப்பல் வரவு, யாருக்கு எத்தனை குண்டு மரியாதைங்கிற விஷயத்துல நல்லா நம்பலாம். அவருக்குப் பிடிக்காத ஆளைப் பத்தின்னா கொஞ்சம் சந்தேகத்தோட படிங்க. துய்ப்ளெக்ஸ் பெண்சாதியோட அவருக்கு ஆகாது. தலைமைத் துபாஷ் கனகராய முதலி 1746ல இறந்ததும் அந்த வேலை யாருக்குன்னு ஊரே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. 1747லதான் பிள்ளைக்குக் கிடைச்சுது. நடுவுல உள்ள பக்கங்களைப் போட்டியில நிக்கிற ஆளோட கண்ணுல படிக்கணும்.

[திரையில்: பெப்பிஸ் டைரியின் சுருக்கெழுத்துப் பக்கம்]

வெளிநாட்டு டைரிக்கும் இதே வித்தை செல்லும். லண்டன்ல சாமுவேல் பெப்பிஸ் 1660ல இருந்து 1669 வரைக்கும் சுருக்கெழுத்துல எழுதினார். பின்னாடி ஜான் ஸ்மித்னு ஒரு மாணவர் 1819ல உட்கார்ந்து மூணு வருஷம் மண்டையை உடைச்சுப் படிச்சார். அந்தச் சுருக்கெழுத்துக்கான பாடப் புத்தகம் அதே பெப்பிஸ் நூலகத்துலயே இருந்துச்சு! ஐயோ பாவம். 1825ல வந்த முதல் பதிப்பு வெட்டிச் சுருக்கினது. முழுசு வேணும்னா 1970ல தொடங்கி 11 தொகுதியா வந்த லேதம், மேத்யூஸ் பதிப்பைத் தேடுங்க.

ஆன் ஃபிராங்க் டைரியில அவளே 1944 மே மாசத்துல இருந்து பழைய பக்கங்களைத் திருத்தி எழுதினா. அப்பா அதையும் மூலத்தையும் கலந்து 1947ல வெளியிட்டார். வாங்கும்போது எந்தப் பதிப்புன்னு முன்னுரையில பாருங்க.

பிரபஞ்சனோட மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ரெண்டும் பிள்ளை டைரியில இருந்து முளைச்ச நாவல்கள். நல்ல நாவல்கள். ஆனா டைரிக்கு அப்புறம் படிங்கன்னுதான் சொல்லுவேன். முன்னாடியே படிச்சா பிள்ளை பேசுறப்போ எல்லாம் பிரபஞ்சன் குரல் கேட்கும்.

இப்போ உங்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலீஷ் தேதியில அடையாறு சண்டை 1746 அக்டோபர் 24. பிள்ளை டைரியில எந்தத் தேதியில இருந்து தேட ஆரம்பிப்பீங்க? தமிழ் மாசம் எது, கிழமை எது? மூணையும் கமென்ட்ல போடுங்க. ஒரு துப்பு தர்றேன், அன்னிக்குச் சுக்கிரவாரம்.