முதலில் எரியட்டும், சூட்டை அப்புறம் எடுக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

அறையைச் சூடாக்கச் சுவரோரம் விறகு எரிக்கிற கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முகம் சுடும், முதுகு சில்லிடும். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் முதுகு சுடும், முகம் சில்லிடும். அகலாமலும் அணுகாமலும் எவ்வளவுதான் நகர்த்திப் பார்த்தாலும் பாதி உடம்புக்குத்தான் கதகதப்பு. அந்த முதுகுக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "வெளியே குளிர், அதுதான்" என்பார்கள். பாதி சரி. வெளியே நிற்கிற குளிரைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுவருவது அந்த அடுப்பேதான் என்பது மீதிப் பாதி.

சந்தேகம் இருந்தால், கணப்பு நன்றாக எரியும்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கதவின் சாவித் துவாரத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நேராக மேலே போக வேண்டிய புகை படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடும். புகைபோக்கி மேலே இழுக்கிறது. இழுத்த காற்றுக்கு ஈடாக வீட்டின் எல்லா இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று நுழைகிறது. வரும் வழியில் உங்கள் முதுகைத் தடவிவிட்டுப் போகிறது.

இதற்கு ஒரு வரவு செலவு போடலாம். மணிக்கு 3 கிலோ விறகு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரளவு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் கொடுக்கும். மூன்று கிலோவுக்கு 45 மெகாஜூல், அதாவது பன்னிரண்டரை கிலோவாட். திறந்த கணப்பில் இதில் அறைக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்கு. ஒன்றரை கிலோவாட் என்று எழுதிக்கொள்வோம். இது வரவு.

இனி செலவு. நன்றாக இழுக்கிற திறந்த புகைபோக்கி மணிக்கு 300 கன மீட்டர் காற்றைச் சர்வசாதாரணமாக விழுங்கும். அந்த மூன்று கிலோ விறகு எரிந்து முடிய உண்மையில் தேவைப்படுவது 15 கன மீட்டர்கூட இல்லை. மற்றதெல்லாம் சும்மா கூடவே போகிற காற்று. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், அத்தனை காற்றையும் 20 டிகிரி ஏற்ற 2 கிலோவாட் வேண்டும். வரவு ஒன்றரை, செலவு இரண்டு. கணப்பு இருக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது, அவர் மேல்தான் நெருப்பின் கதிர் படுகிறதே. பக்கத்து அறையில் படுத்திருப்பவரைக் கேளுங்கள்.

ஆகவே கணப்பைச் சீர்செய்ய நினைக்கிற எல்லோரும் சூடு வீணாகப் போகிறதே என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த இடத்திலேயே ஒரு தப்பும் செய்துவிடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், விறகு எரிவதை ஒரு முறை கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

எரிகிற கட்டையை உற்றுக் கவனித்தால் சுடர் கட்டையைத் தொடாமல் இருப்பது தெரியும். நடுவே ஒரு நூல், இரண்டு நூல் இடைவெளி. கட்டையின் வெட்டிய முனையில் சில சமயம் உஸ்ஸென்று சீறிக்கொண்டு தனியாக ஒரு சுடர் நிற்கும். அங்கே எரிவது கட்டை அல்ல, கட்டையிலிருந்து வெளியேறும் வாயு. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் கிளம்புகிறது. மிச்சம் கரியாக நின்று தணலாகக் கனல்கிறது. அந்த வாயு முழுவதும் எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும், காற்று கலக்க வேண்டும், கலந்து எரிய இடமும் நேரமும் வேண்டும். நடுவில் ஏதாவது குளிர்ந்த பரப்பில் மோதினால் அத்தோடு சரி, சுடர் அறுந்து புகையாகிவிடும். புகைபோக்கியில் போகிற கரும்புகை நாம் காசு கொடுத்து வாங்கிய விறகுதான், எரியாமல் தப்பித்துப் போகிறது.

எரிப்பது ஒரு வேலை, எரிந்ததிலிருந்து சூட்டை எடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டுமே கெடும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான்.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் பெரிய பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1744-ல் தன்னுடைய பென்சில்வேனியா கணப்பைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். இரும்புத் தகடுகளால் ஆன பெட்டி. நெருப்புக்குப் பின்னால் உள்ளே குடைவான ஒரு தடுப்பு. புகை அந்தத் தடுப்பின் மேல் ஏறி, பின்பக்கமாகக் கீழே இறங்கி, தரைக்கு அடியில் போய், அப்புறம்தான் புகைபோக்கியைச் சேரும். தடுப்பின் உட்குடைவு வழியாக வேறொரு காற்று தனியே நுழைந்து, சூடாகி, அறைக்குள் வரும். புகை வேறு, அறைக்காற்று வேறு, நடுவில் ஒரு இரும்புத் தகடு. பிரான்ஸில் நிக்கோலா கோஜே 1713-லேயே எழுதிய யோசனையின் தொடர்ச்சி இது. இன்று கடையில் விற்கிற விசிறி வைத்த கணப்புச் சூடேற்றிகள் வரைக்கும் இதன் பேரன் பேத்திகள்தான்.

யோசனை அபாரம். அடுப்புதான் சரியாக எரியவில்லை. சூடான புகைக்கு மேலே போவதுதான் இயல்பு. அதைக் கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டுமானால் புகைபோக்கி ஏற்கெனவே நன்றாகச் சூடாகி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூட்டும்போதோ எல்லாமே குளிர்ந்து கிடக்கும். புகை இறங்க மறுத்து அறைக்குள் திரும்பும். விடாமல் எரித்துக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம், யாரால் முடியும்? பின்னால் வந்தவர்கள் அந்த இறங்குபாதையையே கழற்றிவிட்டார்கள். இன்றைக்கு ஃபிராங்க்ளின் அடுப்பு என்ற பெயரில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றில் அவருடைய மூலக் கருத்து இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பென்சில்வேனியாவின் ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அடுத்தவர் ரம்ஃபோர்டு பிரபு. இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன், பிறந்தது மாசசூசெட்ஸில், 1753-ல். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் பக்கம் உளவு பார்த்தவர், அப்புறம் பவேரியாவில் போய்ப் பிரபுப் பட்டம் வாங்கியவர். ஆள் எப்படியோ, அடுப்பைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. 1796-ல் கணப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இரும்பும் இல்லை, குழாயும் இல்லை, இருக்கிற செங்கல் வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கட்டச் சொன்னார், அவ்வளவுதான். குகை மாதிரி ஆழமாக இருந்த கணப்பின் பின்சுவரை முன்னுக்குக் கொண்டுவந்தார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 டிகிரி கோணத்தில் விரித்தார், நெருப்பின் கதிர் அறைப் பக்கம் திரும்பட்டும் என்று. எல்லாவற்றையும்விட முக்கியம், புகைபோக்கியின் தொண்டையை, அதாவது நெருப்புக்கு மேலே புகை நுழைகிற வாயை, 4 அங்குலமாகக் குறுக்கினார். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த துவாரம் அது. அப்படியானால் புகைபோக்கி துடைப்பவர் எப்படி ஏறுவார்? அதற்கும் வழி வைத்தார்: தொண்டையில் ஒரு பகுதியைக் கழற்றி மாட்டும்படி விட்டார், துடைக்க வருகிறவர் எடுத்துவிட்டு ஏறி, முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம்.

தொண்டையைக் குறுக்கியதும் அந்தச் 'சும்மா போகிற காற்று' குறைந்தது. புகையும் வேகமாக, ஒழுங்காக ஏறியது. ரம்ஃபோர்டு நெருப்பின் மேல் கையே வைக்கவில்லை பாருங்கள். அதை நன்றாக எரியவிட்டு, காற்றையும் கதிரையும் மட்டும் திருப்பினார்.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வடிவமைத்த முதல் சூடேற்றி, விறகுத் தட்டையே குழாய்களால் செய்தது. ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைத்த எட்டுக் குழாய்கள். கீழ்க்கரத்தின் மேல் விறகு, பின்னால் வளைந்து ஏறி, மேல்கரம் சுடருக்கு மேலே நீட்டிக்கொண்டு அறையைப் பார்த்து நிற்கும். கீழ்வாயில் ஒரு சின்ன விசிறி. குளிர்காற்று கீழே நுழைந்து மேலே சுடச்சுட வெளியே வரும். கையை வைத்தால் முடி உலர்த்துகிற கருவி மாதிரி அடிக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு விஷயம் கவனித்தேன். விசிறி ஓடும்போது சுடர் சோம்பிப் போயிற்று. குழாயின் வெளிப்புறத்தில் பளபளவென்று கறுப்பாக, தார் மாதிரி ஒன்று படிந்தது. நான் எரியவிடாமலே சூட்டைத் திருடிக்கொண்டிருந்தேன். குளிர்ந்த குழாயில் மோதிய வாயு பாதியில் அணைந்து பிசினாக உறைந்தது. அதே பிசின் புகைபோக்கிக்குள்ளும் படிந்திருக்கும். பிறகு ஒருநாள் அது பற்றினால் புகைபோக்கி முழுவதும் எரியும்.

இதற்கு மேல் இன்னொன்று, இரண்டாம் குளிர்காலத்தில் நடந்தது. தணல் குவிந்து கிடக்கிற வளைவில்தான் குழாய்க்கு அடி அதிகம். சாதாரண எஃகு 550 டிகிரியைத் தாண்டினால் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அப்படி உரிந்து உரிந்து ஒரு இடத்தில் குண்டூசி ஓட்டை விழுந்திருக்கிறது. அதுவரை அறைக்காற்றை மட்டும் ஊதிய விசிறி, அன்றைக்குத் தணலுக்குள் ஊதியது. கொல்லன் துருத்தி வைத்த மாதிரி நெருப்பு வெள்ளையாகக் கனன்று, ஒரு பொறி கிளம்பி விரிப்பில் விழுந்தது. கட்டைவிரல் அகலத்துக்குக் கருகிய வட்டம். அந்த விரிப்பை நான் தூக்கிப் போடவில்லை.

அதற்குப் பிறகு நான் வடிவமைத்த எதிலும் குழாய் நெருப்புக்குள் போனதில்லை. நெருப்பைச் சுற்றித் தீ தாங்குகிற சூளைக்கல். சூடு அங்கேயே தங்கட்டும், வாயு எரிந்து முடியட்டும். மேலே சின்னச் சின்னத் துளைகள் வழியாக, ஏற்கெனவே சூடாக்கிய இரண்டாவது காற்றை விடுவது. நல்ல அடுப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கட்டைக்கு மேலே, அந்தரத்தில், துளைதோறும் ஒரு சுடர் பூத்து நிற்கும். அது முடிந்த பிறகே, அந்தப் புகை போகிற வழியில் சூட்டைப் பிடுங்குகிற வேலை. பிடுங்குவதிலும் பேராசை ஆகாது. புகை 120 டிகிரிக்குக் கீழே போனால் புகைபோக்கிக்கு இழுக்கத் தெம்பு இருக்காது, பிசினும் படியும்.

முன்னால் ஒரு கதவு வேண்டும். அதில் செராமிக் கண்ணாடிதான் வேண்டும், அது 700 டிகிரி வரை தாங்கும். கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய காற்றுத்திரை இறங்கும்படி செய்தால் கரி படியாது. எரிய வேண்டிய காற்றை ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்தே நேராகக் கொண்டுவந்துவிட்டால் சாவித் துவாரம் பேசாமல் இருக்கும். நெருக்கமாக அடைத்த வீட்டில் இது கட்டாயம் என்றே சொல்வேன். சமையலறையின் புகை விசிறி இழுக்கிற இழுப்பில் கணப்பின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறைக்குள் திரும்பலாம். இப்படி எல்லாம் அமைந்தால் விறகின் சூட்டில் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டில் நிற்கும்.

ஆனால் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. நன்றாக எரியும் அடுப்பு வேகமாக எரியும். ராத்திரி முழுக்கக் கதகதப்பு வேண்டுமே என்று காற்றை அடைத்து மெல்லக் கனலவிடுகிறார்கள். வெப்பம் இறங்கி, வாயு எரியாமல், பழைய புகைக் கதைக்கே திரும்புகிறோம். இதற்கு விடை 1767-லேயே ஸ்வீடனில் கிடைத்துவிட்டது. விறகைச் சிக்கனம் செய்ய அரசு வழி கேட்டபோது க்ரோன்ஸ்டெட், வ்ரேடே என்ற இருவர் செங்கல் அடுப்பு ஒன்றை வகுத்தார்கள். நெருப்பை அடக்கவே இல்லை, முழு வீச்சில் எரியவிட்டார்கள். எரிந்து முடிந்த புகையைச் செங்கல் பாதைகளில் ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றினார்கள். ஃபிராங்க்ளின் செய்த அதே இறக்கம்தான், நெருப்பு தன் வேலையை முடித்த பிறகு. ஒரு டன் செங்கல் 50 டிகிரி ஏறினால் 42 மெகாஜூல் பிடித்துவைக்கும். 12 மணி நேரத்துக்குச் சுமார் ஒரு கிலோவாட் வீதம் விடும். தீ அணைந்து வெகுநேரம் கழித்துக் காலையில் சுவரில் கை வைத்தால் தூங்குகிற மாட்டின் விலா மாதிரி இதமாக இருக்கும்.

இவ்வளவு கட்ட வசதியில்லாதவர்கள் இன்று ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புகை அதிகமாக வருவது மூட்டுகிற முதல் கால் மணி நேரத்தில்தான். வழக்கமாகச் சுள்ளியைக் கீழே வைத்து, மேலே கட்டையை அடுக்கி, அடியில் பற்றவைப்போம். குளிர்ந்த கட்டைகள் வாயுவைக் கக்கும், அதை எரிக்க மேலே சுடர் இருக்காது. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பெரிய கட்டை அடியில், நடுத்தரம் அதன்மேல், சுள்ளி உச்சியில். தீக்குச்சியை உச்சியில் வையுங்கள். முதல் தடவை நம்பிக்கை வராது, ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கும். கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், கிளற வேண்டாம். சுள்ளியின் தீ முதலில் புகைபோக்கியைச் சூடாக்கும், பிறகு படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு அடுக்காகக் கீழே வரும். கீழ்க்கட்டை வாயு விடும்போது அதை எரிக்க மேலே சுடர் தயாராக நிற்கும். அப்போது ஒரு நிமிடம் வெளியே போய்ப் புகைபோக்கியின் நுனியைப் பாருங்கள்.

வணக்கம்.