நாற்காலியில் உட்காரும் முன்

வணக்கம் நேயர்களே, பசியாறிவிட்டீர்களா? கோலாலம்பூர் செந்தூலில் பல் மருத்துவராக இருக்கிறேன். எச்ஐவியோடு வாழ்பவர்களின் பல்லைப் பற்றிப் பேச அழைத்தார்கள். எனக்கு அவர்களுடைய பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன். லாரி ஓட்டியவர். இளமையில் ஹெரோயின் ஊசி போட்டவர். எச்ஐவிக்கான மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். இரத்தத்தில் கிருமி பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. போன வருடம் கன்னம் வீங்கிப்போய் வந்தார். மரத்துப்போகும் ஊசியை எடுக்கப் போனேன். நெற்றியெல்லாம் வியர்வை, நாடி ஓடுகிறது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஏதாச்சும் எடுத்தீங்களா?"

ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "காலையில கொஞ்சம் சியாபு, டாக்டரம்மா. அது இல்லாம இங்க வந்து உட்கார தைரியம் வரல."

நேயர்களே, சியாபு என்பது மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள். தைரியத்துக்காக எடுத்தது அவர் உயிரையே பறித்திருக்கலாம். பல் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். சியாபு எடுத்தவரின் இதயம் ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் எகிறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். சியாபு எடுத்து குறைந்தது 24 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் அந்த ஊசி போட வேண்டும். சம்சு என்ற மலிவுச் சாராயமோ பீரோ குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. போதை ஊசி போட்டவர்களில் பலருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருக்கும். குடியாலோ இந்தக் கிருமியாலோ கல்லீரல் மோசமாகக் கெட்டிருந்தால் பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் எளிதில் நிற்காது. அன்று நான் அவர் பல்லைத் தொடவில்லை. வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன்.

அவர் ஏன் அவ்வளவு பயந்தார்? முன்பு போன ஓர் இடத்தில் எல்லாரும் போன பிறகு கடைசியாக வரச் சொன்னார்களாம். நாற்காலி முழுக்க பிளாஸ்டிக் சுற்றியிருந்ததாம். வெளியே தாதிகள் தன்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்ததாம். அதன் பிறகு ஆறு வருடம் எந்தப் பல் கிளினிக் படியும் மிதிக்கவில்லை. கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய கருவியும் ஒரே நீராவிக் கொதிகலனில்தான் கிருமி நீக்கப்படுகிறது. யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதால்தான் எல்லாருக்கும் ஒரே கவனம். எச்சிலில் எச்ஐவி தொற்றாது. பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒருவரை ஏன் அவமானப்படுத்த வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. போதை ஊசியை விட்டு மீண்டவருக்கு ஊசியைப் பார்த்தாலே பழைய ஆசை கிளறலாம். அதனால் தட்டை அவர் கண்ணில் படாமல் பின்னால் வைக்கிறேன். ஹெரோயின், அதை விடுவதற்காகக் கொடுக்கப்படும் மாற்று மருந்தான மெதடோன் என்று வருடக்கணக்கில் எடுத்தவர்களில் சிலருக்கு வலி நம்மைவிடக் கூடுதலாகவே தெரியும். "இன்னும் மரக்கல" என்றால் அது நடிப்பு இல்லை, மருத்துவர்களே.

மெதடோன் திட்டம் நம் நாட்டில் 2005-ல் தொடங்கியது. அடுத்த வருடமே, பயன்படுத்திய ஊசிக்குப் பதிலாகச் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவை அவை. ஆனால் மெதடோன் இனிப்பான திரவமாக வரும்போது பல்லில் ஒட்டும், வாயையும் உலர்த்தும். எச்சில் வற்றிய வாயில் சொத்தை வேகமாகப் பரவும். பல்லுக்காக மெதடோனை நிறுத்திவிடாதீர்கள்! குடித்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். வாய் உலர்ந்தால் இனிப்பில்லாத சுவிங்கம் மெல்லுங்கள். அதற்கு இனிப்பான பால் தேநீரான தே தாரே வேண்டாம்.

பயத்தைக் குறைக்க மாத்திரை கேட்பவர்கள் உங்கள் எச்ஐவி மருந்தின் பெயரை அவசியம் சொல்லுங்கள். சில கூட்டு மருந்துகளில் உள்ள ரிட்டோனாவிர், மிடாசோலம் என்ற மயக்க மருந்தை உடலில் தேங்க வைத்துவிடும். மூச்சே தடைபடலாம்.

புதிதாக வருபவரிடம் நான் முதலில் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. ஐந்து கேள்விகள் கேட்கிறேன்: காத்திருக்கும்போது எப்படி இருக்கிறது, பல்லைக் குடையும் சத்தம் எப்படி, ஊசி எப்படி என்பது போல. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். மொத்தம் 19-ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று அர்த்தம். அந்த அண்ணனுக்கு 23. கை தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் நாள் நான்கு தடவை தூக்கினார். நான்கு தடவையும் நிறுத்தினேன்.

கீழ்த்தாடையில் இன்னும் இரண்டு பல் பாக்கி. வருகிற செவ்வாய் காலை முதல் ஆளாக அவரை வரச் சொல்லியிருக்கிறேன். மெதடோனைக் குடித்து, வாய் கொப்பளித்துவிட்டு, வேறு எதுவும் எடுக்காமல் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.