கடைக்காரர் மனசும் கல்லாப்பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகத் தொழில் தொடங்குபவர் வந்து உட்கார்ந்தால், முதலில் அவருடைய திட்ட அறிக்கையைப் புரட்டுவோம். எல்லா அறிக்கையிலும் லாபம்தான் இருக்கும். ஆடிட்டர் போட்டுக் கொடுத்தது, வேறு எப்படி இருக்கும்? ஆனால் நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அளவு கடனில் தொடங்கிய இரண்டு கொலுசுப் பட்டறைகளில் ஒன்று வளர்ந்து இன்னொன்று நொண்டுவது ஏன் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. தொடங்கியவரின் மனப்போக்கில்தான் அதைத் தேட வேண்டும்.

நம்ம ஊர் ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனது. சேலத்து மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் பக்குவம் தெரிந்த, பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. 1943இல் இருவரும் சேர்ந்து தொழிலை ஆரம்பித்தார்கள். பெரிய இயந்திரம் ஏது? கைவேலைதான். இயந்திரமெல்லாம் உள்ளூர் மெக்கானிக்குகளின் கைவண்ணத்தில் பிறகு வந்தது.

கவனியுங்கள், சரக்கு வராது என்ற செய்தி எல்லா வியாபாரிக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் போர் முடியட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். இவர் மீன் விற்கப் போன இடத்தில் மாவைப் பற்றி விசாரித்தார். போரும் நம் பக்கத்து நிலத்தில் மரவள்ளி நன்றாக வருவதும் அவருக்குக் கைகொடுத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மண் எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருந்தது! ஆலைகள் பெருகி, 1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே பதிவானது. இன்று மகாராஷ்டிராவில் விரத நாளில் கிச்சடி கிண்டுகிறவர்களுக்கு நம் ஜவ்வரிசி போகிறது.

இது ஒருவர் கதைதானே என்பீர்கள். சரி, ஆப்பிரிக்காவுக்குப் போவோம். டோகோ நாட்டில் சிறுதொழில் செய்யும் 1,500 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கெழுதுவது, விற்பனை போன்ற வழக்கமான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, யாரும் சொல்லாமலே முன்வந்து செய்வது, வரப்போவதை முன்கூட்டிப் பார்ப்பது, தடை வந்தாலும் விடாமல் நிற்பது என மனப்போக்குப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. மனப்போக்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், பயிற்சியே பெறாதவர்களைவிட 30 சதவீதம் கூடியது. கணக்குப் பயிற்சிக்காரர்களுக்கு 11 சதவீதம். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவுதான். இந்த ஆய்வு 2017இல் ‘சயின்ஸ்’ என்ற அறிவியல் இதழில் வந்தது. கணக்கெழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, தாய்மார்களே, ஐயாமார்களே! நானே கணக்குக் கேட்டு ஆட்களை விரட்டியவன். பேரேடு நேற்று நடந்ததைச் சொல்லும். நாளைக்கு என்ன விற்கும் என்று கடைத்தெருவில் போய்க் கேட்பது முதலாளி வேலை. ஜவ்வரிசியில் நடந்ததும் அதுதான்.

நேரம் நெருங்குகிறது. இத்தாலியில் 116 புதிய நிறுவனங்களை வைத்துச் செய்த ஆய்வை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. தன் யோசனை தப்பாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, முன்கூட்டியே சோதித்துப் பார்க்கப் பழகியவர்கள் அதிக வருமானம் பார்த்தார்கள். தேறாத யோசனையைக் கைவிட்டதும் அவர்கள்தான் அதிகம்.

அதனால் பட்டறை போட நினைக்கிறவர்கள், கடன் மனுவுக்கு முன்னால் மாதிரிக் கொலுசு ஒரு ஜோடியை நாலு கடைக்காரர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டு எழுதி, மனுவோடு வையுங்கள். வங்கி மேலாளர் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். படிப்பாரா என்பது வேறு விஷயம். வணக்கம்.